ஏரோட்டிய என்ஜின்

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் உத்திரமேரூர் பக்கத்துச் சாலைகளில் படாளம் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் வரிசை கட்டும். அந்த வரிசையில் டாஃபே கம்பெனியின் சிவப்பு மாஸே பெர்குசன் இல்லாமல் இருக்காது. அதே ஊருக்கு லாரியில் ஏறி வந்து இறங்கியது என் நண்பர் புதிதாக வாங்கிய டிரையம்ப் டி.ஆர்.3. 1950-களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். கதவு இடுப்புக்குக் கீழே வெட்டி இறக்கியிருக்கும். இந்தக் காரும் அந்த டிராக்டரும் ஒரே வம்சம் என்று சொன்னால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நம்பவில்லை. ஆனால் அதுதான் வரலாறு. அந்தக் காரை எழுப்பி உட்காரவைத்ததும் அந்த உறவுதான்.

விற்றவர் “என்ஜின் நல்ல கண்டிஷன்” என்று சொல்லிக் கொடுத்த வண்டி. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் வந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் இறங்கியிருந்தது. வெளியே எங்கும் ஒழுகல் இல்லை. அப்படியானால் தண்ணீர் போன இடம் ஆயில் சம்ப்தான். நண்பர் சென்னையில் விசாரித்த இடங்களில் பெரும்பாலும் ஒரே பதில்: “இதுக்கு எங்கே சார் சாமான் கிடைக்கும்? ஒரு ஜப்பான் என்ஜினை இறக்கிட்டு ஜாலியா ஓட்டுங்க.” அவருக்கு மனம் வரவில்லை. ஊரில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரியிடம் வந்தார். மேஸ்திரி அதற்கு முன் இந்தக் காரைப் பார்த்ததில்லை. பானெட்டைத் திறந்து சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இது:

“இதுல லைனர் தனியா உக்காந்திருக்கா தம்பி, இல்ல பிளாக்கோட சேர்த்தே வார்த்திருக்கா?”

“தனிதான் அண்ணே. தண்ணிக்குள்ளே நிக்குற லைனர்.”

“அப்ப இது நம்ம வேலை.”

அந்தக் கேள்விக்குள் இந்த என்ஜினின் முழு வாழ்க்கையும் அடங்கியிருக்கிறது. அதைச் சொல்ல இங்கிலாந்தின் கோவென்ட்ரிக்குப் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அந்த நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கையில் பேனர் லேன் என்ற மாபெரும் ஆலை இருந்தது. போர்க்காலத்தில் அங்கே பிரிஸ்டல் ஹெர்குலிஸ் விமான என்ஜின்கள் தயாராயின. போர் நின்றது, ஆலைக்கு வேலை நின்றது. கம்பெனியை நடத்திய சர் ஜான் பிளாக் அதை நிரப்ப வழி தேடிக்கொண்டிருந்தார். வட அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசனுக்கு நேர்மாறான கவலை. டிராக்டரின் பின்னால் கலப்பையை மூன்று புள்ளிகளில் மாட்டி, ஹைட்ராலிக்கின் பலத்தால் தூக்கி இறக்கும் முறையை உருவாக்கியவர் அவர். இன்றைக்கு நம் வயலில் ஓடும் எந்த டிராக்டரின் பின்புறத்தைப் பார்த்தாலும் அவருடைய அந்த மூன்று புள்ளிகள் தெரியும். அவரிடம் நல்ல டிராக்டர் இருந்தது, செய்து தர ஆலை இல்லை. இருவரும் சேர்ந்தார்கள். 1946-இல் பேனர் லேனில் பெர்குசன் டி.இ.20 டிராக்டர் தயாராகத் தொடங்கியது.

முதலில் அதற்கு அமெரிக்காவிலிருந்து வந்த கான்டினென்டல் என்ஜினைப் பொருத்தினார்கள். ஸ்டாண்டர்டு கம்பெனி அப்போது வான்கார்டு என்ற புதுக் காருக்காக ஒரு நான்கு சிலிண்டர் என்ஜினை வடிவமைத்துக்கொண்டிருந்தது. அதே என்ஜினை டிராக்டருக்கும் வைத்துவிடுவது என்று முடிவானது. 1947-லேயே அது டிராக்டரில் ஏறிவிட்டது. வான்கார்டு கார் மக்கள் கைக்கு வந்தது 1948-இல். அதாவது இந்த என்ஜின் முதலில் ஏர் பிடித்தது, பிறகுதான் சாலைக்கு வந்தது. 1956 வரை பேனர் லேனில் தயாரான டி.இ.20 டிராக்டர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

காருக்கும் டிராக்டருக்கும் ஒரே என்ஜின் எப்படிப் பொருந்தும்? லைனரில்தான் விடை இருக்கிறது. பல கார் என்ஜின்களில் சிலிண்டர்கள் பிளாக்கிலேயே குடைந்து எடுத்தவை. தேய்ந்தால் மறுபடி போரிங் செய்யலாம், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. இந்த என்ஜினில் பிளாக் வெறும் இரும்புக் கூடு. அதற்குள் நான்கு தனித்தனி லைனர்களை மேலிருந்து இறக்கி உட்காரவைப்பார்கள். குளிர்விக்கும் தண்ணீர் அந்த லைனர்களின் வெளிப்புறத்தை நேராகத் தொட்டுக்கொண்டு ஓடும். தேய்ந்தால் லைனரை உருவிப் போட்டுவிட்டுப் புதிது வைக்கலாம். பட்டறைக் கருவிகள் அதிகம் இல்லாத ஊரில், உழவு வேலைக்கு நடுவில், என்ஜினை வயலோரத்திலேயே பிரித்துக் கட்ட முடியும். நம் ஊர் டிராக்டர், பம்புசெட் டீசல் என்ஜின்கள் பலவற்றில் இதே ஏற்பாடு இருப்பது இந்தக் காரணத்தால்தான்.

இன்னொரு நன்மையும் கூடவே வந்தது. பிளாக்கை மாற்றாமலே லைனரின் உள்வட்டத்தை மட்டும் மாற்றி என்ஜினின் கொள்ளளவை மாற்றலாம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் எப்போதும் 92 மி.மீ.தான். தொடக்க கால டிராக்டரில் லைனர் 80 மி.மீ., கொள்ளளவு 1850 சி.சி. வான்கார்டு காரில் 85 மி.மீ., 2088 சி.சி. பந்தயங்களில் இரண்டு லிட்டருக்குக் கீழ் என்று ஒரு பிரிவு உண்டு. அதற்குள் நுழைவதற்காக 83 மி.மீ. லைனர் போட்டு 1991 சி.சி. ஆக்கினார்கள். அதுதான் ஸ்டாண்டர்டு கம்பெனி டிரையம்ப் என்ற பெயரில் விற்ற டி.ஆர்.2, டி.ஆர்.3 கார்களின் என்ஜின்.

ஸ்போர்ட்ஸ் கார் பிறந்த கதையில் ஒரு ரோஷம் இருக்கிறது. மார்கன் என்ற சிறு கம்பெனி வான்கார்டு என்ஜினை வாங்கித் தன் பிளஸ் ஃபோர் காரில் வைத்து நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. ஜான் பிளாக் அந்தக் கம்பெனியையே விலைக்குக் கேட்டார், மார்கன் மறுத்துவிட்டது. அப்படியென்றால் நாமே செய்வோம் என்று கிளம்பி, 1952 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அவசரமாக ஒரு மாதிரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதை ஓட்டிப் பார்த்த சோதனை ஓட்டுநர் கென் ரிச்சர்ட்சன் முகத்துக்கு நேரே கார் மோசம் என்று சொன்னார். கோபப்படாமல் அவரையே வேலைக்கு அமர்த்தித் திருத்தச் சொன்னது கம்பெனி. அடுத்த ஆண்டு 1953 மே 20 அன்று பெல்ஜியத்தின் ஜாபெக் நெடுஞ்சாலையில் அதே ரிச்சர்ட்சன் டி.ஆர்.2-ஐ மணிக்கு ஏறத்தாழ 125 மைல், அதாவது 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். 1954-இல் இங்கிலாந்தின் ஆர்.ஏ.சி. ராலியில் டி.ஆர்.2 முதலிடம் பெற்றது. குறை சொன்னவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று மோட்டார் உலகில் எனக்குத் தெரியவில்லை.

டிராக்டரில் 30 குதிரைத்திறனைக்கூட எட்டாத என்ஜின், டி.ஆர்.2-இல் 4,800 சுழற்சியில் 90 குதிரைத்திறன் தந்தது. கம்ப்ரஷனை 8.5-க்கு ஏற்றி, இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களை வைத்து, கேம்ஷாஃப்ட்டை மாற்றி இதைச் சாதித்தார்கள். அடியிலுள்ள கிராங்கும் பிளாக்கும் உழவுக்காரப் பிறவியாகவே நின்றன. அதனால்தான் இந்தக் கார்களைத் தாழ்ந்த வேகத்தில் டாப் கியரிலேயே இழுத்துப் போக முடிகிறது. மறுபக்கம் டிராக்டரும் சும்மா இருக்கவில்லை. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹில்லாரி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்தைத் தரைவழியே அடைந்தது பெர்குசன் டிராக்டர்களில்தான்.

இனி நம் பக்கத்துக் கதை. சென்னையின் யூனியன் கம்பெனியும் கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு மோட்டாரும் சேர்ந்து 1948-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கின. ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையில் ஆலை. உத்திரமேரூரிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. அங்கே முதலில் பூட்டப்பட்ட கார், இந்த என்ஜினைக் கொண்ட வான்கார்டு. 1961-இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதன் 948 சி.சி. என்ஜின் வேறு குடும்பம், லைனர் இல்லாதது. ஹெரால்டு வைத்திருப்பவர்கள் அதையும் இதையும் குழப்பிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

கோவென்ட்ரியில் 1959-இல் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. பெர்குசனின் டிராக்டர் தொழிலைக் கையில் வைத்திருந்த மாஸே பெர்குசன், பேனர் லேன் ஆலையை வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு பெர்கின்ஸ் டீசல் என்ஜின் கம்பெனியையும் வாங்கியது. டிராக்டர் இனி பெர்கின்ஸோடு போகும், ஸ்டாண்டர்டு என்ஜின் காரோடு நிற்கும் என்று ஆனது. பிரிந்த இரண்டு கிளைகளும் சென்னைக்கே வந்து சேர்ந்தன என்பதுதான் இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட செய்தி. டிராக்டர் கிளை, 1960-இல் மாஸே பெர்குசன் ஒத்துழைப்போடு தொடங்கிய டாஃபேயாக செம்பியத்துக்கு வந்தது. அதற்கு வேண்டிய பெர்கின்ஸ் வகை டீசல் என்ஜின்களைச் செய்து கொடுத்தது டாஃபே இருந்த அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் சிம்ப்சன் கம்பெனி. பிஸ்டனும் ரிங்கும் செய்ய 1949-லேயே தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸும் செம்பியத்தில்தான், அதே குழுமத்தில்தான். கார் கிளை வண்டலூரில் நின்றது. வடசென்னையில் ஒரு கிளை, தென்சென்னையில் ஒரு கிளை. இரண்டும் செய்து அனுப்பியவை காஞ்சிபுரம், செங்கல்பட்டுக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தன.

வண்டலூர்க் கிளையின் முடிவு நன்றாக அமையவில்லை. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்தது. உடல், 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பெயர் வாங்கிய ரோவர் எஸ்.டி.1-இன் உடல். உள்ளே, திருத்தியமைத்த பழைய வான்கார்டு வம்சத்து 1991 சி.சி. என்ஜின், 83 குதிரைத்திறன். விலை அதிகம், பெட்ரோல் குடிப்பதும் அதிகம். மாருதி 800 வந்து நாட்டின் கணக்கையே மாற்றிவிட்ட காலம் அது. கார் விற்கவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது, ஆலை மறுபடி திறக்கவே இல்லை. எல்லாப் பழியையும் என்ஜின் தலையில் போடுபவர்களோடு நான் சேரமாட்டேன். 1940-களில் வயலுக்கும் சாலைக்குமாக வரைந்த ஒரு நேர்மையான என்ஜினை, 1985-இல் ஆடம்பரக் காரின் மூக்கில் வைத்து வேகமும் சிக்கனமும் கேட்டது முடிவெடுத்தவர்களின் தவறு. தன் வேலையில் அது யாரையும் ஏமாற்றியதில்லை.

டி.ஆர்.3-இன் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் மேஸ்திரி பையன்களைக் கூப்பிட்டுச் சொன்ன முதல் கட்டளை: “ஹெட்டு வந்ததுக்கு அப்புறம் எவனும் ஃபேனைப் புடிச்சோ ஹேண்டிலைப் போட்டோ சுத்தக் கூடாது.” இந்த என்ஜினைத் தொடும் எவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய வரி இது. லைனர்களை மேலிருந்து அமுக்கிப் பிடித்திருப்பது ஹெட்தான். ஹெட் இல்லாதபோது கிராங்க் சுற்றினால், ஏறும் பிஸ்டன் தன்னோடு லைனரையும் இழுத்துத் தூக்கிவிடும். அடியில் உள்ள கேஸ்கெட் பிடி விட்டுப்போகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் பூட்டித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் கசியும். வால்வு வேலைக்காக மட்டும் ஹெட்டைக் கழற்றுகிறவர்கள்கூட, ஸ்டட்டுகளில் குழாய்த் துண்டும் வாஷரும் போட்டு நட்டை முடுக்கி, லைனர்களை அமுக்கிவைத்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

ஹெட் எளிதில் வரவில்லை. நீண்ட ஸ்டட்டுகள் துருப்பிடித்து ஹெட்டோடு ஒட்டியிருந்தன. டீசலை ஊற்றி ஊறவிட்டு, மரக்கட்டையால் சுற்றிலும் மெல்லத் தட்டி, செயின் பிளாக்கில் சீராக இழுத்து எடுத்தார்கள். கீழே சம்ப்பைக் கழற்றி, கனெக்டிங் ராடுகளை அவிழ்த்து, பிஸ்டன்களை மேல் வழியாக எடுத்த பிறகு லைனர்கள். அடியிலிருந்து கட்டை வைத்துத் தட்டியதும் மூன்று அசைந்தன, கடைசி சிலிண்டரின் லைனர் மட்டும் அடம்பிடித்தது. அது வெளியே வந்ததும் காரணம் தெரிந்தது. பிளாக்கின் பின்பகுதியில் தண்ணீர் ஓட வேண்டிய வழி முழுக்கத் துருவும் சுண்ணாம்புமாகக் கெட்டிப்பட்டிருந்தது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை நேராக ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டினால் இதுதான் நடக்கும். தண்ணீர் சுற்றாத இடத்தில் சூடு ஏறும், சூடேறினால் கேஸ்கெட் தளரும். டிராக்டர் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு லைனரின் விலையில் சிறு பங்கு.

உளியும் கம்பி பிரஷும் வைத்து அந்தச் சேற்றைச் சுரண்டி எடுத்த பிறகு, லைனர் உட்காரும் விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தது. பிளாக்கின் அடியில், விரல் நக அகலம்கூட இல்லாத ஒரு வளையத் திண்டு. அதன் மேல் ஒரு கேஸ்கெட், அதன் மேல் லைனர். எட்டு என்ற எண்ணின் வடிவில் வெட்டிய மெல்லிய உலோகத் தகடு அந்தக் கேஸ்கெட். இரண்டு லைனர்களுக்குச் சேர்த்து ஒன்று, என்ஜினுக்கு இரண்டு. மேலே தண்ணீர், கீழே ஆயில். இரண்டையும் பிரித்துவைப்பது அந்தத் தகடு மட்டும்தான். முன்பு இந்த என்ஜினைக் கட்டியவர், பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டு, கசிவுக்குப் பயந்து அதன் மேல் சீலன்ட்டைக் குழம்பாகப் பூசியிருந்தார். சீலன்ட் ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெல்லியதாகவும் காய்ந்து, லைனர் சற்றே சாய்ந்து நின்றிருக்கிறது. ஆயில் நிறம் மாறியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். திண்டை வழவழப்பாகும் வரை துடைத்து, புதுக் கேஸ்கெட்டின் இரு புறமும் சீலன்ட்டைப் படலமாக மட்டும் தடவி, லைனரை இறக்கி, ஸ்டட்டில் குழாய் போட்டு முடுக்கினார் மேஸ்திரி. பிளாக்கின் முகத்தைவிட லைனரின் மேல் விளிம்பு கொஞ்சம் தூக்கி நிற்க வேண்டும். அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கிலிருந்து ஐந்து பங்கு வரை; மில்லிமீட்டரில் சொன்னால் 0.08-இலிருந்து 0.13. இந்தத் தூக்கல்தான் ஹெட் கேஸ்கெட்டைக் கடித்துப் பிடிக்கும். குறைந்தால் கம்ப்ரஷன் வெளியேறும், கூடினால் ஹெட் பிளாக்கில் சரியாகப் படியாது. நேர்விளிம்புச் சட்டத்தை லைனரின் மேல் வைத்து, ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக அடியில் நுழைத்துப் பார்த்தார். மூன்று லைனர்கள் சரியாக வந்தன. நான்காவது ஆயிரத்தில் ஒன்றுதான் தூக்கியிருந்தது. மறுபடி எடுத்தார். திண்டின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம், நகத்தால் வருடினால்தான் தட்டுப்பட்டது. செங்கல்பட்டு லேத்துப் பட்டறையில் திண்டின் அளவுக்கு மெல்லிய ஷிம் வளையம் செய்து வாங்கி, கேஸ்கெட்டுக்கு அடியில் போட்டு மறுபடி அளந்தார். ஆயிரத்தில் நான்காக வந்தது. அதன் பிறகே அடுத்த வேலை.

கிராங்க் அதே லேத்துப் பட்டறையில் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து அண்டர்சைஸ் கிரைண்டிங் ஆகி வந்தது. லைனரும் பிஸ்டனும் சேர்ந்த செட், கேஸ்கெட்டுகள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தன. இந்தக் கார்களுக்கான சாமான்கள் அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. கிடைக்காது என்று சொன்னவர்கள் தேடிப் பார்க்காதவர்கள். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் ஸ்டாண்டர்டு 2000-க்கான பழைய சரக்கு எப்போதாவது கண்ணில் படும். அதுவும் 83-க்கு 92 என்ற அளவுதான். ஆனாலும் போர் அளவு ஒன்றாக இருக்கிறது என்று கண்ணை மூடி வாங்கிவிடக் கூடாது. பிஸ்டனின் உயரம், பின் துளையின் அளவு, ரிங் காடி எல்லாவற்றையும் பழையதோடு வைத்து அளந்து பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

ஸ்பானர் விஷயத்தில் டிராக்டர் பட்டறைக்கு ஒரு வசதி இருந்தது. இன்றைய கார் ஷெட்டுகளில் மில்லிமீட்டர் ஸ்பானர்தான் இருக்கும். மாஸே பெர்குசன் 1035 டிராக்டரைப் பிரித்துக் கட்டும் இடத்தில் அரை அங்குலமும் 9/16-உம் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சில் நடுவிலிருந்து வெளிப்புறமாக, சிறிது சிறிதாக 105 அடி-பவுண்டுக்கு முடுக்கினார்கள்.

இரண்டு மாற்றங்களைக் காலம் கேட்டது. இந்த என்ஜின் பிறந்த நாளில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எரிந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் படிந்து, அதைத் தேய்மானத்திலிருந்து காத்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல். வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டிய பழைய வால்வு இருக்கைகள் அதைத் தாங்காமல் மெல்ல உள்வாங்கும். அதனால் எக்ஸாஸ்ட் பக்கம் கடின உலோக வளையங்களை இறக்கி, அதில் வால்வுகளை அரைத்து உட்காரவைத்தார்கள். இரண்டாவது எத்தனால். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்க் வாஷர்களையும் அது ஊறவைத்துக் கெடுத்துவிடும். டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றியாயிற்று. ஓட்டாமல் நிறுத்தும்போது டாங்கை நிரப்பிவைப்பதும் நல்லது, காலி இடம் இருந்தால் ஈரம் கூடும். எஸ்.யு. கார்புரேட்டர்களுக்கு வெளியூர் ஆள் தேவைப்படவில்லை. பழைய அம்பாசிடரில் அதைத் திருகிப் பழகிய கைகள் காஞ்சிபுரத்தில் இன்னும் இருக்கின்றன.

ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்னால் ஹேண்டிலைப் போட்டு, ஆயில் பிரஷர் முள் எழும் வரை கையாலேயே சுற்றினார்கள். காய்ந்த பேரிங்கில் ஒரு நொடிகூட ஓடவிடக் கூடாது என்பது மேஸ்திரியின் கொள்கை. பிளக்கைப் போட்டதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. சூடேறி ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி ஒரு சுற்று முடுக்கினார். சில வாரம் ஓடிய பின் எடுத்த ஆயில், ஆயில் நிறத்திலேயே இருக்கிறது.

வேறு என்ஜினை இறக்குங்கள் என்று சொன்னவர்களுக்கு இன்னொரு பதிலும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவு என்றால் எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பிறகு செய்யும் மறுபதிவுக்கு 5,000. பத்து ஆண்டு செல்லும். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை, கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு ஓட்டலாம். அதற்கான நிபந்தனை, வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸிலும் பாடியிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது. மூல என்ஜினைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு டீசல் என்ஜின் இறக்கிய எத்தனையோ நல்ல கார்கள் தமிழ்நாட்டில் உண்டு. 1980-களில் அது பிழைப்புக்காகச் செய்தது, அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. இன்று பொழுதுபோக்குக்காக ஒரு பழைய காரை வாங்குகிறவர் அதைச் செய்தால் அது அழிப்பு.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919-லும் 921-லும் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைக்காக உலகம் அவற்றைப் படிக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ளும் ஏரி வாரியத்துக்கு யாரை எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது என்பதும் அவற்றில் இருக்கிறது. பராமரிப்பை ஆள் நினைவுக்கு விட்டுவிடாமல் எழுதி வைக்க வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன் தெரிந்திருந்த ஊர் இது. வண்டலூர் ஆலையில் 1988 வரை இந்த என்ஜின்களைப் பூட்டிய தொழிலாளர்களில் மிக இளையவர்களே இன்று அறுபது வயதை நெருங்கியிருப்பார்கள். லைனர் எவ்வளவு தூக்கி நிற்க வேண்டும், எந்த நட்டை எந்த வரிசையில் முடுக்க வேண்டும் என்பது அவர்கள் விரல்களில் இருக்கிறது.

ஸ்டாண்டர்டு ஆலையில் வேலை செய்தவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், ஃபோனில் பதிவு செய்யுங்கள். பரணில் பழைய வான்கார்டு, ஸ்டாண்டர்டு 2000 ஒர்க்‌ஷாப் மேனுவலோ உதிரிபாகப் பட்டியலோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்து ஐ.டி.ஐ.-க்கோ பாலிடெக்னிக் நூலகத்துக்கோ கொடுங்கள். பழைய கார் ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால், சாமான் கிடைக்காது என்ற பேச்சைக் கேட்டு என்ஜினைக் கழற்றி எறியும் முன், உங்கள் ஊர் டிராக்டர் பட்டறையில் ஒரு முறை பானெட்டைத் திறந்து காட்டுங்கள்.